உள்வாடகை

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
வெங்கையா எடைமேடை.
பழைய கம்ப்யூட்டர் போன ஆடியில் புகைவிட்டுச் செத்தது.
உள்ளே இருந்த எடை புரோகிராம் மட்டும்
சாக மாட்டேன் என்றது.
தொண்ணூற்றெட்டில் சுகுமாரன் என்று யாரோ எழுதியது.
திறந்ததும் அவர் போன் நம்பர் வரும்,
ஏழே இலக்கம்.
முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்து அடித்துப் பார்த்தேன்.
ராயபுரத்தில் ஒரு பல் டாக்டர் எடுத்தார்.

புதுசுக்கு எண்பதாயிரம் கேட்டான் கம்பெனிக்காரன்.
வெங்கையா என் பக்கம் திரும்பினார்:
"தேவகிருபை, ஏதாவது பண்ணும்மா."

பண்ணினேன்.
மகன் கழித்துப்போட்ட லேப்டாப், அதில் லினக்ஸ்,
லினக்ஸுக்குள் காசு கேட்காத விர்ச்சுவல் பாக்ஸ்,
பாக்ஸுக்குள் ஒரு விண்டோஸ் தொண்ணூற்றெட்டு,
அதற்குள் சுகுமாரன்.

அட்வான்ஸ் இல்லை.
அக்ரிமெண்ட் இருந்தது, யாரும் படிக்கவில்லை.
நூற்றிருபத்தெட்டு எம்பி ஒதுக்கினேன்.
மொத்த மனையும் தனதென்று
பால் காய்ச்சாத குறையாகக் குடியேறியது.

நாங்களும் இருந்தோம் ஹவுசிங் போர்டில்,
இன்னொருவர் பேருக்கு வந்த வீட்டில்.
ரேஷன் கார்டில் அவர்கள், அடுப்படியில் நாங்கள்.
கணக்கெடுக்க ஆள் வந்தால்
"அக்கா வீடு சார், லீவுக்கு வந்திருக்கோம்."
பதினோரு வருஷ லீவு.
இதற்கு அந்தப் பொய்யெல்லாம் தேவையில்லை.
யார் வீடு என்று கேட்டால்
என் வீடு என்கிறது, கூசாமல்.

லாரி ஏறுகிறது, தட்டு முனகுகிறது.
மணலியிலிருந்து வரும் பதினாலு சக்கரம்
ஒற்றைக் கம்பி வழியாக
லினக்ஸைத் தாண்டி, பெட்டியைத் தாண்டி,
இல்லாத ஒரு துளைக்குள் நுழைந்து
எண்ணாக நிற்கிறது: 41,260.
லாரி நிஜம். கிலோ நிஜம்.
நடுவில் இருப்பதுதான் வேஷம்.

சும்மா இருக்கத் தெரியாது அதற்கு.
ஈ ஓட்டும் மத்தியானத்திலும்
வேலை இருக்கா வேலை இருக்கா என்று
உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும்.
வெளியே ஃபேன் அலறும்.
அதைத் தூங்கவைக்க ஒரு சின்ன புரோகிராம் தேடிப் போட்டேன்.
அப்புறம்தான் கூட்ஸ் சத்தம் காதில் விழுந்தது.

இன்னொரு சங்கடம்.
உள்ளே போன மவுஸ் தானாக வெளியே வராது.
வலது கண்ட்ரோல்தான் வாசல்.
அந்த பட்டன் மட்டும் லேப்டாப்பில் இல்லை.
ரப்பர் மொட்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது,
பேனா ரீஃபிலால் குத்துவேன்.

சனிக்கிழமை ஆறு பத்துக்குக் கரண்ட் போனது.
தட்டில் முனிரத்தினத்தின் லாரி.
எடை திரையில் விழுந்துவிட்டது, பிரிண்டர் செத்துவிட்டது.
கேட் திறக்கவும் பில்லுக்கு நிற்காமல் பறந்தான் அவன்.
லேப்டாப்பில் மிச்சம் நாலு சதவீதம்.
உள்ளே இருந்ததை அணைக்காமல்
அப்படியே உறையவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை, நான் பூட்டைத் திறக்கும்முன்
வாசலில் முனிரத்தினம்.
எண்ணூர் யார்டில் இருநூற்றெண்பது கிலோ குறைச்சலாம்,
வாடகையில் பிடிப்பார்களாம்.
"நீ போட்ட எடை இருக்காக்கா?"

எழுப்பினேன்.
ஞாயிறு என்று ஒன்று வந்துபோனது
அதற்குத் தெரியவே தெரியாது.
பாதி அடித்த வண்டி நம்பருக்குப் பக்கத்தில்
கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னுகிறது,
என்னை எதிர்பார்த்து.
பிடித்த எடை பிடித்தபடி.
அதன் கணக்கில் அந்த லாரி இன்னும் இறங்கவில்லை.

மீதி நம்பரை அடித்தேன். பில் கறகறவென்று வந்தது.
"தேதி சனிக்கிழமைன்னு இருக்கு?"
"உள்ள இன்னும் சனிக்கிழமைதான்பா."
புரிந்ததோ என்னவோ,
நாலாக மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டு
கேட் விழுவதற்குள் ஓடினான்.

பின்னால் ஒரு டேங்கர் ஹாரன் அடித்தது.
நான் ரீஃபிலைத் தேடினேன்.